மாத்திரை சாப்பிட்டதுண்டா

விமானம் ஓட்டப் படிக்கிற பெண்ணை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிறார்களே என்று அந்த அடுக்குமாடியில் சிரிக்காதவர்கள் இல்லை. வயது இருபத்தொன்று. வாசல்படியில் நின்றால் நிலை தட்டும் உயரம். ஆனாலும் வீட்டில் வைத்த பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவள் அம்மாவுக்கு வெளியில் மடிப்பக்கா என்று பேர். ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளை வெளுத்து அனுப்புகிற சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. தேய்ப்பு எந்திரம் சுடச்சுடத் துப்புகிற விரிப்பை ஒரு முனையில் அவள் பிடிப்பாள், மறுமுனையில் இன்னொருத்தி பிடிப்பாள். இருவரும் நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கும்போது விரிப்பு தலையணை அளவுக்கு வந்திருக்கும். நாள் முழுக்க இப்படி நடந்து நடந்தே அவளுக்குக் குதிகால் தேய்ந்துவிட்டது. நீராவியில் முகம் எப்போதும் இப்போதுதான் கழுவினது மாதிரி இருக்கும்.

புருஷன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. வீடு என்றால் அம்மாவும் மகளும்தான். பிறகு லீவு நாளில் வந்து தலைகாட்டும் அவள் தம்பி. எண்ணெய் டாங்கர் லாரி ஓட்டுகிறவன். வரும்போது தெருமுனையிலேயே அவன் குரல் கேட்கும். அக்கா மகள்மேல் உயிர். 'என் மருமக மேல போகும்போது நான் கீழ ஹாரன் அடிப்பேன்' என்று லாரிப் பட்டறையில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

அன்றைக்கு மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. மின்விசிறி சுடுகாற்றையே சுற்றிச் சுற்றி அடித்தது. பாப்பா முட்டையை உடைத்துச் சோற்றில் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"அம்மா, அடுத்த வாரம் எனக்கு மெடிக்கல். அதுல பாஸானாத்தான் தனியா பிளேன் எடுக்க விடுவாங்க."

"உனக்கென்ன கேடு? கண்ணு, காது எல்லாம் கல்லு மாதிரி இருக்கு" என்றான் மாமா.

"கண்ணு காது பிரச்சினை இல்ல மாமா. ஒரு கேள்வி இருக்கு. மனசு சம்பந்தமா எப்பவாவது வைத்தியம் பாத்ததுண்டா, மாத்திரை சாப்பிட்டதுண்டான்னு."

மடிப்பக்காவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

நான்கு வருஷத்துக்கு முந்தைய சமாசாரம் அது. காரணம் என்று விரல் நீட்டிக் காட்ட ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் முதல் வரிசையில் இருந்த பெண், ஒரே பக்கத்தை வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, நனையாமலே வெளியே வருவாள். மனநல டாக்டரம்மா ஒருவரிடம் போனார்கள். தினமும் காலையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. ஒரு வருஷத்துக்கும் மேல் மடிப்பக்காவே தன் கையால் எடுத்துக் கொடுத்து, தண்ணீரும் கொடுத்து, விழுங்குகிறவரை நின்று பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பாப்பா திரும்பி வந்தாள். டாக்டரே மாத்திரையைக் குறைத்து, பாதியாக்கி, நிறுத்தியும் விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

"இல்லேன்னு சொல்லிட வேண்டியதுதானே" என்றான் மாமா, எதுவுமே நடக்காத மாதிரி.

"ஆமான்னு எழுதப் போறேன் மாமா."

"உனக்கென்ன கிறுக்கா?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "அதுக்கில்லம்மா. நீயா போய் எதுக்குத் தலையைக் குடுக்கறே? அவன் என்ன உன் வயித்தைக் கிழிச்சா பாக்கப் போறான்?"

"பொய் சொல்லிட்டுப் பறந்தா, தினமும் அதையும் தூக்கிட்டுல்ல மேல போகணும்?"

"இதெல்லாம் பொய்யே இல்ல. நான் லைசென்சு புதுப்பிக்கப் போனப்ப என்ன பண்ணேன் தெரியுமா? செவுத்துல மாட்டியிருக்கிற எழுத்து ஒண்ணும் தெரியல. எனக்கு முன்னால நின்னவன் படிச்சதைக் காதுல வாங்கி, அப்படியே கடகடன்னு ஒப்பிச்சேன். டாக்டர் 'சபாஷ், கழுகுக் கண்ணு'ன்னாரு!"

சொல்லிவிட்டு அவனே உரக்கச் சிரித்தான். மடிப்பக்காவுக்கும் சிரிப்பு வந்தது. பாப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப எதிர்ல வர்றவன் கதி என்ன மாமா?"

மாமா தட்டில் மிச்சமிருந்ததை வழித்துச் சாப்பிட்டான். கை கழுவும்போது அக்காவிடம் தணிந்த குரலில், "சொல்லி வை அக்கா. ஒரு 'ஆமா'ல எல்லாம் போயிடும். அப்புறம் இந்தப் பொண்ணு மறுபடியும் இடிஞ்சு உக்காந்தா யார் பாக்கறது?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தக் கடைசிப் பேச்சுதான் மடிப்பக்காவைக் கிளப்பிவிட்டது.

மறுநாள் சூப்பர்வைசரிடம் பல்வலி என்று புளுகிவிட்டு, அந்தப் பழைய டாக்டரம்மாவைப் பார்க்கப் போனாள். காத்திருக்கும் அறையில் அதே நாற்காலிகள், அதே மீன்தொட்டி. யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தால்தான் எல்லாரும் பார்ப்பார்கள் என்று தோன்றி எடுத்துவிட்டாள்.

உள்ளே போனதும் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"டாக்டரம்மா, பாப்பா இங்க வந்ததே இல்லேன்னு வச்சுக்கலாமா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "வச்சுக்கலாம்னா?"

"யாராவது கேட்டா, அப்படி ஒரு பொண்ணை எனக்குத் தெரியாதுன்னு நீங்க... உங்களுக்குப் புண்ணியமா போகும்."

"நானா யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன்மா. ஆனா பாப்பாவே வந்து எழுதிக் குடுங்கன்னு கேட்டா நான் குடுத்துதான் ஆகணும். நேத்து சாயந்திரம் வந்தா. என்ன வியாதி, என்ன மாத்திரை, எப்ப நிறுத்தினோம், எல்லாம் வாங்கிட்டுப் போயிட்டா."

மடிப்பக்கா அப்படியே உட்கார்ந்திருந்தாள். மகள் தனக்கு முன்னால் வந்துவிட்டுப் போயிருக்கிறாள். அதுவும் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல். எழுந்து கதவுவரை போனவள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். கேட்க வந்தது இது இல்லை என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"டாக்டரம்மா, அது திரும்ப வருமா?"

"வராதுன்னு கையடிச்சுக் குடுக்க என்னால முடியாது."

"மேல போயிருக்கும்போது?"

"அது மின்னல் மாதிரி ஒரு நொடியில வந்து விழற வியாதி இல்லம்மா. மெதுவா வரும். வந்தா அது எப்படி இருக்கும்னு அவளுக்கு நல்லாத் தெரியும். முன்னாலயே வந்து சொன்னா பாத்துக்கலாம். வெளியில சொல்ல பயந்துகிட்டு உள்ளயே வச்சுக்கறாங்க பாருங்க, அவங்களை நினைச்சாத்தான் எனக்குக் கவலை."

டாக்டரம்மா சொன்னதில் மெதுவாக வரும் என்பதும், பார்த்துக்கொள்ளலாம் என்பதும் அவள் காதில் ஏறவே இல்லை. கையடித்துக் கொடுக்க முடியாது என்பது மட்டும் ஏறி உட்கார்ந்துகொண்டது. பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இருந்தவர், "உடம்புக்கு முடியலையாம்மா?" என்று கேட்டார். பல்வலி என்றாள்.

மெடிக்கல் அன்று மகளோடு அவளும் போனாள். பாப்பா வேண்டாம் என்றுதான் சொன்னாள். கண்ணைப் பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள், நெஞ்சில் கம்பிகளை ஒட்டி ஓடவிட்டார்கள். எல்லாவற்றிலும் முதல்தரம். கடைசியில் டாக்டர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற மடிப்பக்காவுக்குப் பேச்சுக் கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த அவர் பேனா ஓரிடத்தில் நின்றதும், அவர் நிமிர்ந்து பாப்பாவை முதல்முறையாகப் பார்க்கிற மாதிரி பார்த்ததும் தெரிந்தது.

வெளியே வந்த மகளின் உதடு வறண்டிருந்தது.

"என்ன சொன்னாரு?"

"முடியாதுன்னு சொல்லல. அவரால முடிவு பண்ண முடியாதாம். மேல அனுப்பறாராம். அங்க ஒரு குழு பாக்குமாம். அதுவரைக்கும் பறக்கக் கூடாது."

"எவ்வளவு நாளு?"

"தெரியாது. மாசக்கணக்குல ஆகலாம்னாரு."

பயிற்சிப் பள்ளியில் கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகத் தனியே பறந்து இறங்கினார்கள். அவர்கள் அனுப்பிய போட்டோக்களுக்கெல்லாம் பாப்பா கைதட்டுகிற பொம்மையை அனுப்பினாள். பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிள்ளை சும்மா ஜன்னலைப் பார்க்கிறதா, அல்லது அந்தப் பழைய பார்வையா? மடிப்பக்காவுக்கு அது ஒன்றே வேலையாகிவிட்டது. தட்டில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தாள். தலை சீவியிருக்கிறாளா என்று பார்த்தாள். பாப்பா ஒரு கேள்விக்கு இரண்டு தடவை 'ம்' என்றால் அன்று முழுக்க அம்மாவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சலவைக்கூடத்தில் ஒருநாள் விரிப்பின் முனையைப் பிடிக்காமலே வெறுங்கையை மடித்துக்கொண்டு நடந்தாள். எதிர்முனைக்காரி, "அக்கா, துணி இங்க இருக்கு, நீ காத்தை மடிக்கிறே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

ஒருநாள் மத்தியானம் பாப்பா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். குழாய் ஓடுகிற சத்தம். மடிப்பக்கா காதை வைத்துக் கேட்டாள். தண்ணீர் உடம்பில் விழுகிற சத்தம் வேறு, தரையில் வெறுமனே விழுகிற சத்தம் வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்ல அவளால் முடியும். அன்றைக்கு முடியவில்லை. "பாப்பா! பாப்பா!" என்று கதவை இரண்டு கையாலும் அடித்தாள். தலை முழுக்க நுரையோடு மகள் கதவைத் திறந்து, "என்னம்மா, நெருப்பா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. சோப்பு இருக்கான்னு கேட்டேன்."

மறுநாள் பாப்பா வெளியே போயிருந்த நேரம் பார்த்து, மடிப்பக்கா திருப்புளியை எடுத்துக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினாள். பிறகு யோசித்து, மகள் படுக்கிற அறையின் தாழ்ப்பாளையும் கழற்றினாள்.

பாப்பா சாயந்திரம் வந்தாள். அறைக் கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. குளியலறைக்குப் போய் அங்கேயும் பார்த்தாள். பிறகு சமையலறைக்கு வந்து நின்றாள். குரல் ஏறவே இல்லை. அதுதான் மடிப்பக்காவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"தாழ்ப்பாள் எங்கம்மா?"

"துருப்பிடிச்சிருந்தது. புதுசு மாத்தலாம்னு..."

"அம்மா."

மடிப்பக்கா அடுப்பை அணைத்தாள்.

"உனக்கு எது பயம்மா? எனக்குச் சர்டிபிகேட் கிடைக்காதுன்னா? கிடைச்சா நான் மேலேர்ந்து விழுந்துடுவேன்னா? இல்ல, கிடைக்கலேன்னா நான் ஏதாவது பண்ணிக்குவேன்னா?"

"எல்லாந்தான்!" அவளை அறியாமல் கத்திவிட்டாள். "கிடைச்சாலும் பயம், கிடைக்காட்டியும் பயம். நீ பேசினா பயம், பேசாட்டி அதைவிடப் பயம். நான் என்னடி பண்றது? உன்னை எந்தப் பெட்டியில வச்சுப் பூட்டறது?"

பாப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மேசைத் துணியின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. எனக்குள்ள அது இருக்கான்னு நானே தினமும் தேடிப் பாக்கறேன். இல்லம்மா. இப்ப இருக்கறது வெறும் துக்கம். கூடப் படிச்சவங்க பறக்கறாங்க, நான் இங்க உக்காந்திருக்கேன்கிற துக்கம். அது வேற, இது வேற. ஆனா நீ இப்படிக் கதவுல காது வச்சுக் கேட்டா, நான் சிரிச்சாக்கூட உனக்காகச் சிரிக்கற மாதிரி ஆயிடுது. அப்புறம் நிஜமாவே ஏதாவது வந்தா எப்படி உன்கிட்ட வந்து சொல்வேன்? நீ பயந்துடுவேன்னு மறைச்சுடுவேன்ல?"

மடிப்பக்கா இரண்டு தாழ்ப்பாளையும் அரிசி டப்பாவிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். பாப்பாவே திருப்புளியைக் கொண்டுவந்து மாட்டினாள். ஒரு திருகாணி தொலைந்துபோயிருந்தது. அறைத் தாழ்ப்பாள் அன்றிலிருந்து கொஞ்சம் ஆடும்.

மழைக்காலம் தொடங்கியபோது குழுவிலிருந்து அழைப்பு வந்தது. வீட்டிலிருந்து ஒருவரும் கூட வர வேண்டுமாம். மாமா போனில் அக்காவுக்குப் பாடம் எடுத்தான். "சும்மா பரீட்சை பயம், நாலு நாள் தூக்கம் வரல, டாக்டர்தான் பெருசு பண்ணிட்டாருன்னு சொல்லிடு அக்கா. நீ சொல்றதுலதான் இருக்கு." அவளும் வழி நெடுக அதைத்தான் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். சும்மா பரீட்சை பயம். நாலு நாள் தூக்கம் வரல.

முதலில் பாப்பாவை வெகுநேரம் உள்ளே வைத்துப் பேசினார்கள். பிறகு மடிப்பக்காவைக் கூப்பிட்டார்கள். நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் நரைத்த தலை, மெல்லிய குரல். அவர்தான் மனநல டாக்டர். தண்ணீர் கொடுத்தார். அவள் குடிக்காமல் தம்ளரை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீங்கம்மா. அப்ப என்ன நடந்துச்சு, நீங்க பாத்ததை உங்க வார்த்தையில சொல்லுங்க."

வாயைத் திறந்தாள். பரீட்சை பயம் என்ற வார்த்தை தொண்டைவரைக்கும் வந்தது. தம்பி சிரித்துக்கொண்டே எழுத்தை ஒப்பித்த கதை எங்கிருந்தோ குறுக்கே வந்தது. எதிரே வருகிறவன் கதி என்ன என்று பாப்பா கேட்டதும் வந்தது.

"அவ ரொம்ப மோசமா இருந்தாய்யா" என்றாள். "என் பொண்ணுதானான்னு சந்தேகமா இருந்தது. நான் முதல்ல சோம்பல்னு நினைச்சுத் திட்டினேன். ஒருநாள் நான் வேலையில இருக்கேன். எந்திரம் ஓடுது, ஒரே ஆவி. அந்த ஆவிக்குள்ள வந்து நிக்கறா. கால்ல ஒரு செருப்பு ஒரு மாதிரி, இன்னொண்ணு வேற மாதிரி. அவ்வளவு பேருக்கு நடுவுல, 'அம்மா, என் தலைக்குள்ள ஏதோ சரியில்ல, என்னைத் தனியா விடாதே, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ'ன்னா. வேலையை அப்படியே விட்டுட்டு அவளைக் கூட்டிட்டுக் கிளம்பினேன்."

"யாரும் சொல்லாம அவங்களாவே வந்தாங்களா?"

"அவளாவேதான்யா. பதினேழு வயசு. எனக்குத் தெரியறதுக்கு முன்னால அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நாங்கல்லாம் மறைக்கிற ஆளுங்க. இப்பக்கூட இங்க வேற என்னமோ சொல்லணும்னு பாடம் பண்ணிட்டுத்தான் வந்தேன்."

ஓரத்தில் இருந்தவர் எழுதுவதை நிறுத்தினார். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"இப்ப உங்களுக்குப் பயம் இருக்காம்மா?"

"இருக்குய்யா. இல்லேன்னு சொன்னா பொய்."

"உங்க பொண்ணு ஓட்டற விமானத்துல நீங்க ஏறுவீங்களா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லாமல் பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காகத்தான் யோசித்தாள்.

"எனக்கு லிப்டுல ஏறவே பயம்யா, மூணு மாடியும் படிதான். ஆனா ஏறித்தான் ஆகணும்னா, தனக்கு முடியலேன்னா முடியலேன்னு சொல்ற ஆளு ஓட்டறதுலதான் ஏறுவேன்."

வெளியே வந்து மகளைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. "எல்லாத்தையும் சொல்லிட்டேன் பாப்பா. கெடுத்துட்டேன் போல இருக்கு" என்றாள். பாப்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மழையில் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். விஷயம் தெரிந்து மாமா இரண்டு லீவு நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

மழை ஓய்ந்த பிறகுதான் முடிவு வந்தது. தகுதி உண்டு. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மனநல டாக்டரைப் பார்த்து எழுதி வாங்கி அனுப்ப வேண்டும். மாத்திரை மறுபடி தொடங்க நேர்ந்தால் அன்றே பறப்பதை நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும். பாப்பா அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். மூன்றாவது தடவை வாசிக்க முடியாமல் குரல் உடைந்தது. மாமா வந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். மடிப்பக்கா மட்டும் நடுவில் இருந்த அந்த 'ஆனால்' என்ற வார்த்தையைவிட்டு நகர முடியாமல் நின்றாள்.

பாப்பா பயிற்சிப் பள்ளி விடுதிக்குப் போய்விட்டாள். பறந்த நாளில் 'இறங்கிட்டேன்' என்று ஒரே வார்த்தை அனுப்புவாள். அது வருகிறவரை மடிப்பக்காவுக்குப் பச்சைத்தண்ணீர் இறங்காது. வந்தபிறகு, நாளைக்கு மறுபடியும் ஏற வேண்டுமே என்று இருக்கும். பழகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். பழகவில்லை.

ஒருநாள் காலையில், வழக்கமில்லாத நேரத்தில் போன் அடித்தது. திரையில் பாப்பா பேர். கையிலிருந்த விரிப்பு ஈரத்தரையில் விழுந்தது. எந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் மாடிப்படி ஓரத்துக்கு ஓடினாள்.

"அம்மா, இன்னைக்கு நான் பறக்கல."

"ஏன்? என்னாச்சு?" குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"நேத்து ராத்திரி சரியாத் தூங்கல. பக்கத்து ரூம்ல ஒரே கூத்து. காலையில தலை கனமா இருந்தது. பயிற்சியாளர்கிட்ட போய், இன்னைக்கு எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன்."

கூத்துதானா? தூக்கம் வராததுக்கு அது மட்டும்தான் காரணமா? சாப்பிட்டாளா? குரல் ஏன் இப்படி இருக்கிறது? கேள்விகள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. மடிப்பக்கா படிக்கட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு என்ன சொன்னாரு?"

"நல்லது, போய்த் தூங்குன்னாரு. எல்லாரும் பறக்கப் போறாங்க. கொஞ்சம் வெக்கமா இருந்தது. ஆனாலும் சொல்லிட்டேன்."

"சரி" என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. "கதவைத் தாழ் போட்டுக்கிட்டு நல்லாத் தூங்கு."

"எழுந்து பேசட்டுமா?"

"உனக்குத் தோணினாப் பேசு."

மத்தியானம்வரை எத்தனையோ தடவை போனை எடுத்துப் பார்த்தாள். ஒரு தடவை பேர்மேல் விரலைக்கூட வைத்துவிட்டாள். அழுத்தவில்லை. சாப்பாட்டு மணி அடித்து, எல்லாரும் டப்பாக்களைத் திறந்து, பாதி சாப்பாடு முடிந்தபோது போன் வந்தது.

"நல்லாத் தூங்கிட்டேன்மா" என்றாள் பாப்பா. தூக்கத்தில் குரல் கரகரவென்று இருந்தது. "பயங்கரமா பசிக்குது."